பர்ஸைத் திறக்கும் முன் வாயைத் திறங்கள்!

தோழிகளே,

நகைக் கடையில் தராசு முள் நிற்கும் வரை கண் கொட்டாமல் பார்க்கிறோம். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுக் காட்டச் சொல்கிறோம். ஆனால், கார் ஒர்க் ஷாப்புக்குப் போனால் மட்டும் நம்மில் பலருக்கு வாயடைத்துப் போகிறது. 'அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று ஒதுங்கி நின்றுவிட்டு, பில் வந்த பிறகு மாத பட்ஜெட்டில் துண்டு விழுகிறதே என்று புலம்புகிறோம். இது சரியில்லை என்பது என் கருத்து. அதிலும், 'பி.சி.எம். போயிடுச்சு, மாத்தணும்' என்று யாராவது சொன்னால், காரணம் தெரிந்துகொள்ளாமல் சம்மதிக்கவே கூடாது.

அது என்ன பி.சி.எம். என்று கேட்பீர்கள். பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்பதன் சுருக்கம் அது. அந்தக் கால அம்பாசடரில் ஹாரனை அழுத்தினால் சுவிட்ச், ரிலே, ஒயர் வழியாக மின்சாரம் போய் ஹாரன் அடிக்கும். அவ்வளவுதான். இன்றைய கார்கள் பலவற்றில் நாம் சுவிட்சை அழுத்தினால், அந்தச் செய்தி முதலில் ஒரு சிறிய பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டிதான் 'ஹாரன் அடி', 'வைப்பரை ஓட்டு', 'கதவைப் பூட்டு' என்று உத்தரவு போடுகிறது. இண்டிகேட்டர், ஹெட்லைட், கண்ணாடி ஏற்றி இறக்குவது எல்லாம் பெரும்பாலும் அதன் பொறுப்பு. சில கார்களில் சாவியை அடையாளம் கண்டு வண்டியைக் கிளம்பவிடும் திருட்டுத் தடுப்பு வேலையும் அதற்கு உண்டு. காரில் இருக்கும் இப்படிப்பட்ட பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 'கேன்' என்று ஒரு முறை இருக்கிறது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்தியது.

ஆக, இந்தப் பெட்டி கெட்டால் ஏதோ ஒரு விளக்கு எரியவில்லை என்பதோடு போகாது. எங்களுக்கு நேர்ந்ததையே சொல்கிறேன்.

எங்கள் காருக்கு ஏழு வயது. கணவருக்கு வெளியூரில் உத்தியோகம். பள்ளி, டியூஷன், ஆஸ்பத்திரி என்று வண்டியை ஓட்டுவது நான்தான். ஐப்பசி மழையில் ஒருநாள் மகளை அழைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது, வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. பின்னால் பஸ். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரங்கட்டினேன். அன்று ராத்திரி, பூட்டி நிறுத்திய காரில் கதவுப் பூட்டு தானாகவே 'டக், டக்' என்று திறந்து மூடியது. நடுநிசியில் ஹாரன் வேறு அலறி, தெருவையே எழுப்பிவிட்டது.

மறுநாள் ஒரு ஒர்க் ஷாப்புக்குப் போனேன். ஸ்கேனர்கூட மாட்டவில்லை. பத்தே நிமிஷத்தில், "பி.சி.எம். போயிடுச்சு மேடம். புதுசு, கோடிங், கூலி எல்லாம் சேர்த்து 28,000 ஆகும். சார் நம்பர் குடுங்க, அவர்கிட்ட பேசிக்கிறோம்" என்றார்கள். 28,000 ரூபாய்! மகளின் அடுத்த டேர்ம் ஃபீஸுக்காக நான் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. "சார் ஊர்ல இல்ல. என்கிட்டயே சொல்லுங்க. எதை வச்சு அது போயிடுச்சுன்னு சொல்றீங்க?" என்று கேட்டேன். "இந்த மாடலுக்கு இதே கம்ப்ளெயின்ட்தான் வருது மேடம்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். அவர் முதலில் பேட்டரியை அளந்தார். பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எர்த் ஒயர் பாடியோடு சேரும் இடத்தில் துரு இருக்கிறதா என்று பார்த்தார். ஸ்கேனர் மாட்டினார். கடைசியாக டிரைவர் கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்து மூடியைக் கழற்றினார். தரைவிரிப்பு நனைந்திருந்தது. பெட்டியில் சொருகும் பின்கள் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தன.

"பெட்டி போனது நிஜம்தாம்மா. ஆனா தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்காம புதுசு மாட்டினா, அடுத்த மழைக்கு அதுவும் போயிடும்" என்றார்.

முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் அடியில், மழைநீர் வடிய ஒரு வழி உண்டு. தெருவோரப் புங்க மரத்துச் சருகு விழுந்து அது அடைத்துக் கிடந்தது. தேங்கிய தண்ணீர், ஒயர் நுழையும் ரப்பர் வழியாக உள்ளே இறங்கி நேராகப் பெட்டியின் தலையில் விழுந்திருக்கிறது! அதைச் சுத்தம் செய்து, ரப்பரை மாற்றி, விரிப்பைக் காயவைத்து, சொருகும் இடத்தையும் சரிசெய்த பிறகே, வேறொரு ஒர்க் ஷாப்பில் கம்பெனி ஸ்கேனர் வைத்துப் புதுப்பெட்டி மாட்டினோம். செலவு பெரிதாகக் குறையவில்லை. ஆனால், ஒரே செலவோடு முடிந்தது. கேள்வி கேட்காமல் விட்டிருந்தால், அடுத்த மழைக்கு இன்னொரு 28,000 தயார் செய்திருக்க வேண்டும்.

எனவே, பெட்டியை மாற்றச் சம்மதிக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்:

* பேட்டரி எத்தனை வோல்ட்? முழு சார்ஜ் உள்ள பேட்டரி, வண்டி ஓடாமல் நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை இருக்கும். பேட்டரி சோர்ந்திருந்தாலே மின்னணுப் பெட்டிகள் பேய் பிடித்தது போல ஆடும்.

* பியூஸ், எர்த், ஒயர் பார்த்தாச்சா? எலி கடித்த ஒயரும், வெளியில் கூடுதல் ஹாரன், லைட் மாட்ட ஒட்டுப் போட்ட ஒயரும் இதே தொல்லையைத் தரும்.

* ஸ்கேனரில் என்ன கோடு வந்தது? அதை பில்லிலோ ஜாப் கார்டிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். 'யூ 0140' என்று வந்தால், பி.சி.எம்.மோடு தொடர்பு அறுந்திருக்கிறது என்று பொருள். பெட்டி செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. நடுவில் ஒயர் அறுந்தாலும் அதே கோடு வரும்.

* எதனால் கெட்டது? தண்ணீரா, ஷார்ட்டா? அதைச் சரிசெய்த பிறகுதானே மாட்டுகிறீர்கள்?

* கோடிங் யார் செய்வார்கள்? பல கார்களில் புதுப்பெட்டியை மாட்டினால் மட்டும் போதாது. அந்த வண்டிக்கு ஏற்றபடி பதிவு செய்ய வேண்டும். இரண்டு சாவிகளையும் கையோடு கொண்டு போங்கள். கோடிங் நடக்கும்போது வோல்டேஜ் இறங்கினால் புதுப்பெட்டியே பழுதாகலாம் என்பதால், அதற்கான சார்ஜரைப் பேட்டரியில் இணைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

'பழைய மார்க்கெட்டில் பாதி விலைக்குக் கிடைக்கும்' என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அதில் வேறு வண்டியின் விவரம் பதிந்திருக்கும். சில மாடல்களில் அதை அழித்து மாற்றவே முடியாது. அந்தப் பெட்டி உங்கள் வண்டியில் வேலை செய்யாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்தால் மட்டும் யோசியுங்கள்.

வண்டியை வெளியே எடுக்கும் முன் விளக்குகள், இரண்டு பக்க இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், நான்கு கண்ணாடிகள், எல்லாப் பூட்டும் சரியா என்று நீங்களே ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு சாவியாலும் ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றிய பழைய பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். புதுப்பெட்டிக்கு எத்தனை மாத வாரண்டி என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

'நியாயம் கேட்டால் அலைச்சல்தானே?' என்று நினைக்க வேண்டாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. ஆனால், கையில் பில் இருக்க வேண்டும். 'பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்' என்பவரிடம் ஏமாறாதீர்கள்.

ஒர்க் ஷாப் நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. ஒரு மணி நேரம் மண்டி போட்டுக் காரணம் தேடிய பெரியவரும் உங்களில் ஒருவர்தான். அந்த நேரத்துக்குக் கூலி கேளுங்கள், தாராளமாகத் தருகிறோம். ஆனால், வண்டியைக் கொண்டுவந்தவள் பெண் என்பதற்காக 'சார் நம்பர்' கேட்காதீர்கள். மழையில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்த வண்டியை ஓட்டப் போகிறவள் அவள்தான். பதிலை அவளிடமே சொல்லுங்கள்.

நம் பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுக்கிறோம். ஒர்க் ஷாப்பில் நின்று, 'ஏன் மாத்தணும்?' என்று கேட்கவும் கூடவே கற்றுக் கொடுப்போம். என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

– ஓர் இல்லத்தரசி, திருச்சி.