நூலகம் புகுந்த ஒன்பதின்மர்

2020ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி, மினியாப்பொலிஸ் நகரத் தெருவொன்றில், ஜோர்ஜ் புளொயிட் என்னும் கறுப்பினத்தவர் பொலிஸ்காரர் ஒருவரின் முழங்காலின்கீழ்க் கழுத்து நெரிபட்டு மாண்டார். அதன்பின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வாசகர் வட்டங்கள் பல கூடலாயின. நிறவெறி பற்றி இப்ரம் கென்டி எழுதிய நூலும் ரொபின் டியாஞ்சலோ எழுதிய நூலும் விற்பனைப் பட்டியல்களின் உச்சிக்கு ஏறின. ஆசிரியரும் மாணாக்கரும் ஒருங்கிருந்து நூலாராய்ந்தனர் என்னுஞ் செய்தி, நூலோதுவித்தலையே தொழிலாகக் கொண்ட எனக்கு உவகை தந்தது. உடன் ஓர் ஐயமும் எழுந்தது.

அவ்வையத்தை விளக்கச் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். 1961ஆம் ஆண்டில், மிசிசிப்பி மாநிலத்து ஜக்சன் நகரிலே, பெரிய நூலகம் வெள்ளையர்க்கே உரியது. கறுப்பினத்தவர்க்கெனத் தனியே ஒரு கிளை இருந்தது. மார்ச் 27ஆந் திகதி ரூகலூ கல்லூரி மாணாக்கர் ஒன்பதின்மர் முதலில் அக்கிளைக்குச் சென்று சில நூல்களைக் கேட்டனர். அவை அங்கே இல்லை. பின்னர்ப் பெரிய நூலகத்துட் புகுந்து, நூல்களை எடுத்து, மேசைகளில் அமர்ந்து வாசித்தனர். கூச்சலில்லை, கோஷமுமில்லை. பொலிசார் வந்து அவர்களைச் சிறைக்குக் கொண்டுபோயினர். ஒவ்வொருவர்க்கும் 100 டொலர் தண்டமும், நிறுத்திவைக்கப்பட்ட 30 நாட் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டன. வழக்கு நாளன்று நீதிமன்றின்முன் ஆதரவாய்க் கூடியவர்மீது தடியும் நாயும் ஏவப்பட்டன. மறு ஆண்டிலே அந்நூலகத்தின் கதவை யாவர்க்குந் திறக்குமாறு நீதிமன்றம் பணித்தது.

அவ்வொன்பதின்மரும் நிறவெறி பற்றிய நூலைத்தான் படித்தனரோ என்று எவருங் கேட்பதில்லை. எங்கே இருந்து படித்தனர் என்பதே பொருளாயிற்று.

இன்றைய வட்டங்களுக்கு வருவோம். 2023 ஜூன் 29ஆந் திகதி, பல்கலைக்கழக அனுமதியில் இனத்தைக் கருத்திற் கொள்ளும் வழக்கத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒழித்தது. ரெக்சாஸ் மாநிலத்திலே 2024 ஜனவரி 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம், அரச பல்கலைக்கழகங்களில் இனச்சமத்துவம் பேணும் அலுவலகங்கள் இயங்குதலைத் தடுத்தது. ஆனால் வகுப்பிற் கற்பித்தலையும் ஆய்வையும் அச்சட்டம் விலக்கிவைத்தது. கவனித்தீர்களா? அவ்வலுவலகங்கள் வெறும் அலங்காரமே என்று எள்ளி நகைத்தவர் இருந்தனர். அலங்காரத்தை மூட எவரும் சட்டமியற்றார். அனுமதி, நியமனம், ஆசனம் ஆகியவற்றைத் தொடுமிடத்திலேதான் சட்டத்தின் கை நீண்டது. படித்துப் பேசிக் கலைவோரை அது பொருட்படுத்தவில்லை. ஆதலின் ஒரு வாசகர் வட்டத்தை மதிப்பிடுவோர், அங்கே எந்நூல் ஓதப்பட்டது என்பதோடு, அதன்பின் யாருடைய ஆசனம் அசைந்தது என்பதையும் வினாவுதல் தகும்.

இக்கதையை எங்கள் மேல்வகுப்பிற் சொன்னேன். மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, எங்கள் ஊர்களில் இப்படி நடந்ததில்லையா?” என்றான். 1930ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களிற் சமஆசனம் என்ற ஆணை வந்த கதையைக் கூறினேன். அதுவரை சில பிள்ளைகள் நிலத்திலிருந்தே கற்றனர். அவர்களுக்கும் வாங்கு என்றவுடன் சில பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன.

“இது எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, ஐயா?” என்றான்.

நான் பாட்டனார் வாய்க்கேட்டது என்றேன். எங்கள் குடும்பம் அன்று எப்பக்கம் நின்றது என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.