சிம்பொனிக்குச் சால்வை போதும், தாளைக் கொடுங்க

சிம்பொனின்னு ஒரு வார்த்தை பதிவுல வந்தாப் போதும், நம்ம ஆளுங்க ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சு கும்மியடிக்க ஆரம்பிச்சிடுறாங்க. ஒரு கோஷ்டி, 'ராஜா தெய்வம்யா, லண்டன்லயே கைதட்டிட்டான், இதுக்கு மேல என்ன வேணும்?' இன்னொரு கோஷ்டி, 'சினிமாவுக்கு மெட்டுப் போடுறவருக்கு எதுக்கு இந்த வேலை?' 2025 மார்ச் 8 அன்னைக்கு லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கத்துல இளையராஜாவோட 'வேலியன்ட்' அரங்கேறினதுலேர்ந்து இதே பல்லவிதான்.

எனக்கு ரெண்டு கோஷ்டி மேலயும் கோபம். ரெண்டு பேரும் ஆளைப் பத்திப் பேசுறாங்க. இசையைப் பத்திப் பேசுறவங்களைக் காணோம்.

முதல்ல ரெண்டாவது கோஷ்டிக்கு. அய்யா சாமிகளா, சென்னையில தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசையைத் தாள்ல எழுதப் படிக்கக் கத்துக்கிட்ட மனுஷன் அவர். 1976-ல 'அன்னக்கிளி' வர்றதுக்கு முன்னாடியே. 1986-ல 'ஹவ் டு நேம் இட்' போட்டு, அதைத் தியாகராஜருக்கும் ஜெர்மனி பாஹ்க்கும் காணிக்கையாக்கினார். 2005-ல திருவாசகத்துலேர்ந்து ஆறு பாட்டை எடுத்து புடாபெஸ்ட் இசைக்குழுவை வச்சு ஆரட்டோரியோவாச் செஞ்சார். தகுதி இருக்கான்னு இன்னும் கேக்குறது சும்மா ஜல்லியடிக்கிற வேலை.

இப்ப நம்ம பக்தகோடிகள். ஆட்டோ அனுப்பிடாதீங்கப்பா, நானும் ராஜா ரசிகன்தான் :-)

1993-ல லண்டன்ல ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை ஜான் ஸ்காட் நடத்த, ராஜா எழுதின சிம்பொனி பதிவாச்சு. நாம போஸ்டர் ஒட்டினோம், பட்டாசு வெடிச்சோம், மேடை போட்டுப் பேசினோம். அந்த இசை ஆல்பமா வெளிவரவே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல ஒரு தலைமுறையே கேக்காத இசைக்காகக் கைதட்டிட்டு இருந்திருக்கு. கேக்கணும்னு யாராச்சும் ஒரு போராட்டம் பண்ணினோமா? லண்டன்காரன் வாசிச்சான்ங்கற சர்டிபிகேட் கிடைச்சதும் நமக்கு வயிறு நிறைஞ்சு போச்சு.

ஜெர்மனியில இன்னைக்கு உயிரோட இருக்குற ஒரு இசையமைப்பாளரைப் பாருங்க. யோர்க் விட்மன். 1973-ல ம்யூனிக்ல பிறந்தவர், கிளாரினெட் வாசிப்பவர். 2008-ல பவேரிய வானொலி இசைக்குழுவுக்காக 'கொன் பிரியோ'ன்னு ஒரு சின்ன உருப்படி எழுதினார். மாரிஸ் யான்சன்ஸ் நடத்தினார். அதோட கதை முடியலை. மைன்ஸ் நகரத்துல 1770-லேர்ந்து இருக்குற ஷாட் பதிப்பகம் அதோட இசைத்தாளை அச்சுப் போட்டுடுச்சு. எந்த நாட்டு ஆர்கெஸ்ட்ராவும் தாளை வாடகைக்கு வாங்கி வாசிக்கலாம். வாசிக்கறப்ப எல்லாம் எழுதினவருக்குப் பணம். அவர் மேடையில இருக்கணும்னு அவசியமே இல்லை. முதல் நிகழ்ச்சி வெறும் பிரசவம்தாங்க. குழந்தை தனியா நடக்குதான்னு அதுக்கப்புறம்தான் தெரியும்.

பாஹ் கதையும் அதேதான். அவர் செத்தது 1750. அவரோட 'மத்தேயு பாஷன்' பல வருஷம் தூங்கிக் கிடந்தது. 1829-ல இருபது வயசுப் பையன் மெண்டல்சன் பெர்லின்ல அதை மறுபடி எழுப்பினான். எப்படி முடிஞ்சுது? தாள் இருந்துச்சு, அவ்ளோதான்.

அவ்ளோ தூரம் எதுக்கு? எங்க திருவண்ணாமலைக்கு வாங்க. கிரிவலப் பாதையில அடிஅண்ணாமலையில மாணிக்கவாசகர் கோயில் இருக்கு. அவர் திருவெம்பாவை பாடினது இங்கதான்னு சொல்றாங்க. இருபது பாட்டு. ஆயிரம் வருஷம் தாண்டியும் மார்கழி பிறந்தா விடியக்காலையில மைக் செட்டுலேர்ந்து சின்னப் புள்ளைங்க வாய் வரைக்கும் அதுதான். தாய்லாந்து அரண்மனைச் சடங்கு வரைக்கும் போயிருக்கு. எழுதினவர் கூடப் போகலை, பாட்டு தானாப் போச்சு. அதுலயும் பாருங்க, திருவாசகத்தை அவர் சொல்லச் சொல்லத் தில்லை நடராசரே ஓலையில எழுதிக்கிட்டதா ஐதீகம். சாமிக்கே பிரதி தேவைப்பட்டுச்சுங்க! ரமணர் மேல பக்தி வச்சு 'ரமண மாலை' போட்ட ராஜாவுக்கும் சரி, திருவாசகத்தையே எடுத்துச் செஞ்ச ராஜாவுக்கும் சரி, இதை நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்லை. நமக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கு.

'தாளை வெளியிட்டா கண்டவனும் வாசிப்பானே, காப்புரிமை என்னாகும்?'னு ஒரு பின்னூட்டம் வரும். உரிமையை ஏன் விட்டுக்கொடுக்கணும்? விட்மன் விட்டாரா? தாளை அச்சடிச்சு வாடகைக்கு விடறதுதான் உரிமையைக் காப்பாத்துற நேர்வழி. உழைச்சவருக்குக் காசு போகணும், அதுல எனக்கு மறுபேச்சே இல்லை.

'இங்க யாரு வாசிப்பா?'ன்னு அடுத்த கேள்வி. சினிமா ஸ்டுடியோவுல தாளைப் பாத்து வாசிச்சே முடி நரைச்ச வயலின்காரங்க சென்னையில இருக்காங்க. ரஹ்மான் 2008-ல ஆரம்பிச்ச கே.எம். இசைக் கல்லூரியோட சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவுல வசதியில்லாத வீட்டுப் புள்ளைங்க வயலினும் செல்லோவும் கத்துக்கறாங்க. சின்ன ஊர்ப் பசங்ககூட பியானோ கிரேடு தேர்வுக்கு பாஹ் வாசிக்கறாங்க. ராஜா எழுதினதை அந்தப் பசங்க தாளைப் பாத்து ஏன் வாசிக்கக் கூடாது? தப்புத்தப்பா வாசிக்கட்டும். தப்பா வாசிச்சு வாசிச்சுத்தான் ஒரு உருப்படி ஊருக்குச் சொந்தமாகும்.

2025 செப்டம்பர் 13-ல தமிழக அரசு சென்னையில ராஜாவுக்குப் பெரிய பாராட்டு விழா எடுத்துச்சு. அவர் பேர்ல விருதும் அறிவிச்சாங்க. ரொம்ப சந்தோஷம். அதோட இன்னும் மூணு காரியம் நடந்தா நல்லது. அவரோட ஆர்கெஸ்ட்ரா படைப்புகள் அத்தனையோட இசைத்தாளும், அவர் சம்மதத்தோட, அவருக்கு ராயல்டியோட அச்சாகணும். அண்ணா நூற்றாண்டு நூலகத்துலயும் இசைக் கல்லூரிகள்லயும் அது கைக்கெட்டுற இடத்துல இருக்கணும். 1993 பதிவு எங்க இருந்தாலும் வெளிய வரணும். நல்லா இல்லைன்னாலும் பரவாயில்லை, கேட்டுட்டு நாங்க சொல்லிக்கிறோம்.

சக பதிவர்களே, அடுத்த தடவை 'ஆசியாவிலேயே முதல்'னு தலைப்பு வைக்கறதுக்கு முன்னாடி, அந்த இசையில உங்களுக்குப் பிடிச்ச ஒரு இடத்தைப் பத்தி நாலு வரி எழுதுங்க. எந்த வாத்தியம் எங்க நுழையுது, எது எதுக்குப் பதில் சொல்லுதுன்னு. திட்டுறவங்களும் அதே மாதிரி இடத்தைக் காட்டித் திட்டுங்க.

டிஸ்கி: 'உனக்கு இசை பத்தி என்ன தெரியும்?'னு கேக்கப் போறவங்களுக்கு: அதைத் தெரிஞ்சுக்கத்தாங்க தாளைக் கேக்குறேன்.