வலிப்புக்கு முன் வரும் அச்சம்

கோவில்பட்டிக்கு அப்பால் கரிசற்காட்டுச் சிற்றூர் ஒன்றில் தாய் ஒருத்தி நம்மிடம் தன் மகளின் நிலையைக் கூறி வருந்தினாள். நன்றாயிருக்கும் சிறுமி திடீரென்று மிரண்டு தாயின் சேலையைப் பற்றிக்கொள்வாளாம். மறுகணம் வலிப்புக் கண்டு விழுவாளாம். எதையோ கண்டு பயந்துவிட்டாள் என்று மந்திரித்தும் ஆயிற்று. தெளிந்தபின் கேட்டால் அவளுக்கு ஒன்றும் நினைவில்லை.

பயந்ததனால் வலிப்பு வந்ததென ஊரார் எண்ணுகின்றனர். மருத்துவரோ, அந்த அச்சமே வலிப்பின் தொடக்கம் என்றார். எல்லா வலிப்பும் இவ்வாறு தொடங்குவதில்லை, சில தொடங்கும்.

காதுக்கு மேலே, மூளையின் பொட்டு மடலுக்குள், வாதுமைப் பருப்பை ஒத்த அமிக்டலா என்னும் பகுதி உண்டு. சுட்ட அடுப்பைக் கண்டு கை பின்வாங்கக் கற்பிப்பது அது. அதனை அடுத்துள்ள ஹிப்போகாம்பஸ், எங்கே எப்போது சுட்டது என்பதைப் பதிந்து வைக்கிறது. இவ்விடத்தில் மின்னோட்டம் நிலைகுலைந்தால், அஞ்ச ஏதுமின்றியே அச்சம் எழும். நினைவுப் பதிவும் தடைப்படும். மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட், விழித்திருந்த நோயாளரின் பொட்டு மடலை மெல்லிய மின்சாரத்தால் தூண்டியபோது சிலர் காரணமின்றி அஞ்சினர். அங்கே பயின்றவரே டாக்டர் ஜேக்கப் சாண்டி. 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய அவர், 1952-இல் வலிப்புக்கு அறுவைச் சிகிச்சையும் செய்தார்.

இன்னொன்று வியப்பானது. வலிப்புக்காகப் பொட்டு மடலின் ஒரு பகுதி அகற்றப்பெற்றவர்களை 1995-இல் அமெரிக்க ஆய்வாளர் சோதித்தனர். ஓர் அடையாளத்தைத் தொடர்ந்து செவியை உலுக்கும் ஓசை எழும். சில முறை கேட்டபின் அடையாளம் தோன்றினாலே பிறர் உள்ளங்கை வியர்த்தது. இவர்களுக்கு அது மிகக் குறைவு. ஓசை வரும் என்று அறிவு அறிந்திருந்தது; உடல் அஞ்சக் கற்கவில்லை.

மாற்கு 9-ஆம் அதிகாரத்துத் தந்தை, மகன் நெருப்பிலும் நீரிலும் விழுவதைச் சொல்லியே கலங்குகிறான். நம் பக்கத்திலும் அடுப்பும், கைப்பிடிச் சுவரில்லாத கிணறும், தீப்பெட்டி ஆபீஸும் உண்டன்றோ!

தக்க மருந்தை விடாது உட்கொண்டால் பத்தில் ஏழு பேருக்கு வலிப்பு நின்றுவிடக் கூடும். சாவியைக் கையில் திணிப்பது வீண். தானே ஓய்கிற வலிப்புக்குச் சாவி பெயர் வாங்கிக்கொள்கிறது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் இடாதீர்கள். 5 நிமிடம் கடந்தும் ஓயாவிடில் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

அந்தச் சிறுமி விழுந்ததை மறந்துவிட்டாள். பள்ளியில் அவளருகே அமர்ந்திருந்த தோழிகள் மறக்கவில்லை. அந்தப் பலகையில் இப்போது அவள் மட்டுமே அமர்கிறாள்.