பிடி அரிசி தெரியுமா தோழர்களே?

விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை, 1889-ல் தொடங்கியது. வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியும் வியாபாரிகளின் மகமையும் நடத்திய பள்ளி அது.

அதே மாவட்டத்துல இன்னைக்கு? தீபாவளி முடிஞ்சு ஆலை மூடினா, பட்டாசுத் தொழிலாளிக்கு முன்பணம்தான் கதி. வாங்கிட்டா அந்த ஆலையை விட்டு நகர முடியாது. ஒரே அறையில அளவுக்கு மீறி ஆள் உட்கார்ந்தாலும் வாய் திறக்க முடியாது. வெடிச்சா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போட ஆயிரம் பேர் இருக்காங்க. இந்தக் கடனைப் பத்திப் பேசத்தான் ஆள் இல்ல.

மகமை ஒரு சமூகத்துக்குள் நின்ற நிதி. நமக்கு வேண்டியது சாதி பார்க்காத நிதி. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை தோழர்களே, மகளிர் குழு அக்காக்களோட உட்கார்ந்து பேசுங்க. வேலை இருக்குறப்போ வாரம் 50 ரூபாய். இல்லாதப்போ அதிலிருந்தே கடன். கணக்கு நோட்டு தொழிலாளிகள்கிட்டயே இருக்கட்டும், நம்ம கட்சிக்காரங்க கையில வேணாம்.