காலியாக விட்ட கட்டங்கள்



உங்கள் பிள்ளைகளின் வேதியியல் நூலில் தனிம அட்டவணையைக் கண்டிருப்பீர்கள். அதன் வரலாற்றில் நமக்கொரு படிப்பினை உண்டு.

1869இல் ரஷ்ய அறிஞர் மெண்டலீவ், அன்று அறியப்பட்டிருந்த தனிமங்களை அணு எடையின் ஏறுவரிசையில் அடுக்கினார். ஒரே விதமான குணங்கள் முறையாகத் திரும்பத் திரும்ப வந்தன. நீர் பட்டதும் சீறும் சோடியமும் பொட்டாசியமும் ஒரே குடும்பமாயின. சில கட்டங்களுக்கோ, குணத்தால் பொருந்தும் தனிமம் கிடைக்கவில்லை. பொருந்தாததைத் திணிக்க மனமின்றி, அவற்றைக் காலியாகவே விட்டார். சிலிக்கன் குடும்பத்துக் காலியிடத்திற்குரியது சாம்பல்நிற உலோகம், அணு எடை ஏறத்தாழ 72 என்று 1871இல் முன்னுரைத்தார். 1886இல் ஜெர்மானியம் கண்டறியப்பட்டது. நிறமும் பொருந்தியது, அதன் அணு எடை 72.63!

அறியாததை அறியாததென ஒப்புக்கொண்ட நேர்மைக்குக் கிடைத்த வெற்றி இது. விடை தெரியாதபோது "அல்லாஹ்வே நன்கறிந்தவன்" என்று நிறுத்திக்கொள்வது நம் உலமாக்களின் மரபு. ஆனால், பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோராகிய நீங்களும் ஆசிரியனாகிய நானும் எதையேனும் சொல்லிச் சமாளிக்கிறோமே! அந்தத் தவறான விடை, சரியான விடைக்குரிய இடத்தை அடைத்துக்கொள்கிறது.

"தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லிப் பழகுவோம். படைப்பில் ஒழுங்கை அமைத்த இறைவன், தேடுவோருக்கு வழிகாட்டுவான், இன்ஷா அல்லாஹ்.