நிலையத்தருகே குடியிருக்கப் போவது யார்?

கீழே கடையும் மேலே வீடுமாக வாழ்வது தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வணிகரும் கைவினைஞரும் தத்தம் தொழிலிடத்தை ஒட்டியே குடியிருந்தனர். அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டா. சென்னை மண்ணடியின் தெருக்களில் இன்றும் தரைத்தளத்தில் கடை, மாடியில் குடும்பம், கூப்பிடு தொலைவில் பள்ளிவாசல். 2019 பிப்ரவரியில் அத்தெருக்களின் அடியில் மெட்ரோ இரயிலும் வந்து சேர்ந்தது. நகரமைப்பு வல்லுநர்கள் ‘கலப்புப் பயன்பாடு’ எனப் பெயரிட்டு நிலையங்களைச் சுற்றி உருவாக்க விழைவது ஏறத்தாழ இத்தகைய வாழ்வையே.

அவ்விழைவு நன்று. ஒன்றிய அரசு 2017இல் வெளியிட்ட கொள்கை, நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டர் வரையுள்ள நிலத்தில் நெருக்கமாகவும் உயரமாகவும் கட்டி, வீடு, கடை, அலுவலகம் ஆகியவற்றைக் கலந்தமைக்கச் சொல்லுகிறது. எளிய வருவாயினர்க்கு ஒரு பங்கு வீடுகளை ஒதுக்குமாறும் அதுவே கூறுகிறது. முன்னதைப் பேசுவோர் பலர். பின்னதைப் பேசுவோர் அரியர். நிலையத்தருகே யாருக்கு வீடு என்னும் வினாவுக்கு விடை காணாமல் எத்தனை மாடி எழுப்பினும் பயனில்லை என்பதே என் கருத்து.

நிலத்தின் விலை எவ்வாறு உயருகிறது என்று எண்ணிப் பாருங்கள். உரிமையாளர் அங்கே ஒரு செங்கல்லும் வைக்கவில்லை. பொதுப்பணத்தில் இரயில் வந்தது, விலை ஏறியது. சென்னை மெட்ரோவின் 2ஆம் கட்டத்திற்கு 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது அதன் மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அச்செலவைத் தாங்குவோருள் தீப்பெட்டி வாங்கும் ஏழையும் ஒருவர். அவர் வரிப்பணத்தால் விளைந்த விலையேற்றமே அவரை வெளியேற்றுமாயின் அதனை வளர்ச்சி என்பது தகுமா?

ஹாங்காங்கில் நிலையங்களைச் சுற்றியுள்ள நிலத்தில் கட்டும் உரிமையை அரசு இரயில் நிறுவனத்திற்கே அளிக்கிறது. இரயில் வருமுன் இருந்த மதிப்பே நிலத்திற்கு விலை. கட்டுநரின் ஆதாயத்தில் பங்கு பெற்று அந்நிறுவனம் மேலும் இரயில் பாதை அமைக்கிறது. கணக்கு அழகானது. எனினும் அவ்வாறு எழுந்த அடுக்கங்களில் உழைப்பாளி எளிதில் வீடு வாங்க இயலாது. சிங்கப்பூர் வேறு வழி சென்றது. 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளுக்கு நடுவேதான் 1987இல் இரயில் ஓடத் தொடங்கியது. முதற்பகுதி தோ பாயோ வரை. அங்கே நிலையத்தைச் சுற்றிப் பொதுக்குடியிருப்பும், காய்கறிச் சந்தையும், உணவுக்கடைகளும் உள்ளன. இரயிலில் செல்வோரே இரயிலருகே வாழ்கின்றனர்.

சென்னையில் நடந்ததோ தலைகீழ். 1995இல் கடற்கரையிலிருந்து ஓடத் தொடங்கிய பறக்கும் இரயில் 2007இல் வேளச்சேரியை எட்டியது. அதன் நிலையங்கள் மாளிகை போன்றவை. உள்ளே தளம் தளமாக நெடுங்காலம் வெறுமை. அதே காலத்தில் கூவம், அடையாறு ஆற்றங்கரைகளில் வாழ்ந்தோர் நகரின் தென்கோடிக்கு அனுப்பப்பட்டனர். முதலில் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்திற்குப் பின் பெரும்பாக்கத்திற்கும். வீட்டுவேலை செய்யும் பெண்மணி பழைய வீதியில் நடந்தே வேலைக்குச் சென்றார்; இப்போது விடியுமுன் பேருந்துக்கு நிற்கிறார். இரயிலருகே இருந்தோரை இரயிலில்லா இடத்தில் குடியேற்றியதற்கு நகரமைப்பு நூலில் என்ன பெயரோ, யானறியேன்.

‘எளியோர்க்கு வீடு ஒதுக்கினால் எமக்குக் கட்டுபடியாகாது’ என்பர் கட்டுநர். நிலையத்தருகே விதியைத் தளர்த்தி மேலும் சில தளங்களுக்கு இசைவளிப்பது அரசு. அக்கூடுதல் தளங்களுள் ஒரு பகுதியைச் சிறு வீடுகளாகத் திருப்பிக் கேட்பது கொடையன்று, கைம்மாறு. செலவைக் குறைக்க வேறு வழியும் உண்டு. நிலையத்தை ஒட்டிய அடுக்ககத்தில் வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்துமிடம் எதற்கு? அது இரயிலுக்கு முதுகு காட்டும் கட்டடம். தரைத்தளம் முழுவதையும் பெருநிறுவனத்துக்கு விடாமல், தையற்காரர், தேநீர் விற்பவர், மளிகைக்காரர் வாடகை கொடுக்கக்கூடிய சிறு கடைகளாகப் பிரித்தாலே தெரு உயிர் பெறும். மண்ணடி உயிரோடிருப்பது அதனால்தான்.

2ஆம் கட்டத் திட்டத்தில் ஒரு தடம் பழைய மாமல்லபுரம் சாலை வழியே சிறுசேரிக்கும், மற்றொன்று மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியே சோழிங்கநல்லூருக்கும் செல்கின்றன. எவரை இரயிலிலிருந்து விலக்கினோமோ அவர்தம் வாயிலுக்கே இரயில் வரவிருக்கிறது. அங்குள்ள அரசு நிலங்களின் எதிர்காலம், தண்டவாளம் முடியுமுன் எழுத்தில் உறுதியாக வேண்டும். முடிந்தபின் விலை பேசும், மக்கள் பேச முடியாது. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வாழ்வோர்க்கு நிலையத்தை ஒட்டிய கடைகளில் முன்னுரிமையும், அவர்தம் பிள்ளைகள் தனிக்குடும்பமாகும்போது அருகிலேயே வாடகை வீடும் உண்டா என்பதை இன்றே கேட்டாக வேண்டும். நம் மாணவருள் அப்பகுதியிலிருந்து வருவோர் இருப்பின் அவர்களே முதலில் கேட்கட்டும்.