கணினி மொழியும் கடன்கோடலும்

பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஏற்கலாமோ என்னும் வினா மிகப் பழையது. தொல்காப்பியர் வடசொல்லை நால்வகைச் சொற்களுள் ஒன்றாக ஏற்றார். ஆயினும், அது வடவெழுத்தை நீத்துத் தமிழெழுத்தோடு இயைந்து வருதல் வேண்டுமென விதித்தார். அவர் வாயிலை அடைத்தாருமல்லர், காவலின்றித் திறந்துவிட்டாருமல்லர். நம் திம்புள்ளத் தோட்டங்களில் ஆங்கிலேயரின் ‘லைன்’ லயமாகவும், ‘பரேட்’ பெரட்டாகவும் ஆயின. ஏடறியாப் பாட்டாளிகளும் அந்நெறியில் நின்றமைக்கு இது சான்றாம்.

இந்நெறியே இன்று கணினி மொழிகளுக்கும் வேண்டப்படுகின்றது. 1995 இல் வெளிவந்த ஜாவா மொழியிற் பல்லாயிரம் ஆயத்தப் பொருள்கள் உள. இணையச் செய்நிரலுக்கெனப் பிறந்த மொழிகள் அவற்றைப் புதிதாய் ஆக்காது இரவல் கொள்கின்றன. கோல்ட்ஃபியூஷன் என்னும் மொழி 2002 இல் ஜாவாவின் மீதே மீளக் கட்டப்பட்டது.

நம் இலங்கையிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. சஞ்சீவ வீரவரண முதலியோர் 2005 இல் நிறுவிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்திற் பிறந்தது ‘பலரினா’ மொழி. 2019 இல் வெளிவந்த அதன் முதலாம் பதிப்பு ஜாவா இயந்திரத்தின் மீது இயங்குவது. ஜாவாப் பொருளை அது ‘ஹேண்டில்’, அஃதாவது கைப்பிடி, என்னும் வகையாற் பெறும். பிடியைப் பற்றலாம், பிறர்க்குக் கைமாற்றலாம், உள்ளே நோக்கலாகாது. அப்பொருளைத் தொழிற்படுத்த வேண்டின், எவ்வகுப்பின் எம்முறை என்பதை வெளிப்பட எழுதுதல் வேண்டும். ஜாவாவின் சரம் பலரினாவின் சரமாகாது. மாற்றியே கொள்ளல் வேண்டும். ஜாவா முறை தான் எறியக்கூடுமென அறிவித்த தவறுக்கு, விளைவு வகையிற் ‘பிழை’ என முன்னரே இடம்வைத்தல் வேண்டும். வையாவிடின் தொகுப்பான் ஏற்காது. எல்லையில் நிறுத்தி உசாவும் இக்காவல் தொல்காப்பியர் வைத்த காவலை ஒத்ததன்றோ?

இவற்றையெல்லாம் தானே எழுதித்தரும் கருவியும் அம்மொழியில் உண்டு. “கருவியிருக்கக் கையால் எழுதுவது வீண்” என்பாருளர். தேர்ந்தவர்க்கு அது பொருந்தும், கற்பவர்க்குப் பொருந்தாது. புணர்ச்சி விதியறியாதவன் பிரித்தெழுதத் திகைப்பதுபோல், எல்லையறியாத மாணாக்கன் செய்நிரல் பழுதுபடுங்கால் பழுது எப்பக்கத்ததெனக் காணாது திகைப்பான். ஆதலின் ஒரு முறையையேனும் முதலிற் கையால் இணைத்துப் பழகல் நன்று. கருவி பின்னர் வருக.

மற்றுமொன்று. நம் மலையக மாணாக்கருட் பலர் ‘ஆப்ஜெக்ட்’ என்பதை ஒலியாகவே மனனஞ் செய்கின்றனர். ‘பொருள்’ எனத் தமிழில் விளக்குவார் அரியர். பொருளறியாது பெற்ற சொல்லும் உள்ளறியாத கைப்பிடியே. அது தேர்வுத்தாள் வரை செல்லும், தொழிற்களத்திற் கைவிடும்.

கொழும்பிலும் கடல்கடந்தும் கணினித் தொழில் புரியும் பழைய மாணவர்காள்! நிதியுதவியோடு அமையாது, விடுமுறைக்கு ஊர் வருங்கால் ஒரு நாளேனும் நம் கணினி அறையில் அமர்ந்து, இவ்வெல்லையை இளையோர்க்குத் தமிழில் உணர்த்துங்கள். பலரினா திறந்த மூலமாய் விலையின்றிக் கிடைக்கின்றது. வேண்டுவது ஆசிரியர் ஒருவரே. அவர் நும்முள் இருக்கின்றார்.